நிலைபேறான நிர்மாணத் துறைக்கு வர நினைக்கிறேன்: கொழும்பில் ஒரு பெண் எங்கே தொடங்குவது?

இறுதியாண்டு_மாணவி
எல்லோருக்கும் வணக்கம். மொறட்டுவையில் குடிசார் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனை.

நிலைபேறான நிர்மாணத்தில்தான், அதாவது சுற்றாடலைக் கெடுக்காத கட்டட வேலையில்தான், வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வளாகத்துக்கு வந்து பேசுகிற நிறுவனங்களோ கண்ணாடிக் கோபுரங்களையும் அவற்றுக்குக் கிடைத்த பசுமைக் கட்டடப் பிளாட்டினம் சான்றிதழ்களையும்தான் காட்டுகின்றன. என் அம்மாவின் ஆட்கள் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான குடிசை வரிசையில், இருந்தவர்கள். அவர்களை அங்கிருந்து எழுப்பித் தொடர்மாடியில் குடியேற்றினார்கள். அந்தக் கட்டடத்தில் பகலிலும் நடைபாதையில் லைட் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். கட்டட வேலையையும் இந்த மக்களுக்கான நீதியையும் சேர்த்துச் செய்கிற பெண்கள் இருக்கிறார்களா? அப்படி ஒரு வேலை இருக்கிறதா, இல்லை கிழமை நாளில் சம்பள வேலை, ஞாயிற்றுக்கிழமை தொண்டு வேலை என்றுதான் ஓட வேண்டுமா? வீட்டில் அரசாங்க உத்தியோகம் பார் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோஹா_கியூஎஸ்
தங்கச்சி, முதலில் சான்றிதழை எடுங்கள். லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டட முறையின் பரீட்சை, அல்லது இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையின் கிரீன்எஸ்எல் முறை, இரண்டில் ஒன்று கையில் இருந்தால் வளைகுடா வரை கதவு திறக்கும். சுற்றாடல் கேட்டின் பாரம் ஏழைகள் தலையில் மட்டும் விழக்கூடாது என்கிற சுற்றாடல் நீதி நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு யாரும் பில் கட்டுவதில்லை. குடும்பப் பொறுப்பு இருக்கிற பிள்ளை முதலில் காலூன்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

சைட்_அக்கா
சான்றிதழ் எடுப்பது பற்றித் தம்பி சொன்னது சரி. "மற்றதெல்லாம் அப்புறம்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் கொழும்பில் தளப் பொறியியலாளராகத் தொடங்கி, இப்போது வீடமைப்பு வேலைகளுக்கு ஒரு குழுவை நடத்துகிறேன். அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்த எதையும் கட்டி முடித்த கட்டடத்துக்குள் நான் பார்த்ததில்லை.

வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும். மேற்கு ஜன்னல்களுக்கு மேலே வெயில் மறைப்பு, வீட்டுக்குள் குறுக்காகக் காற்று ஓட வழி, நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க மேலே திறந்த ஒரு காற்றுக் கிணறு. பிறகு கேள்விமனு விலைகள் வரும், பட்ஜெட்டைத் தாண்டும். செலவு குறைக்கும் கூட்டம் கூடும். அதில் முதலில் வெட்டுப்படுவது வெயில் மறைப்பு. இரண்டாவது காற்றுக் கிணறு, அந்த இடத்தில் இன்னும் ஒரு வீட்டை நுழைப்பார்கள். மூன்றாவது நடைபாதையின் அகலம். முகப்பு ஓடும் பெயர்ப்பலகையும் கடைசிவரை தப்பிவிடும், ஏனென்றால் திறப்பு விழாப் படத்தில் விழுவது அவைதான். வெட்டியதற்கான விலையை அந்த மேற்கு அறையில் தூங்கப் போகிறவர் முப்பது வருடம் ஒவ்வொரு மாதமும் மின்சார பில்லில் கட்டுவார். அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அதனால் என் முதல் அறிவுரை: பிஓகியூ, அதாவது வேலையின் அளவும் விலையும் எழுதிய பட்டியல், படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மீற்றர் வெயில் மறைப்புக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு பலகையடிப்பு, எத்தனை கூலி என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். "இதை வெட்டினால் மிச்சமாவது இவ்வளவுதான், அதை வெளி வர்ணப்பூச்சில் எடுக்கலாம்" என்று அந்த இடத்திலேயே தொகையைச் சொல்லத் தெரிந்தால் உங்கள் பேச்சு எடுபடும். அந்த அறையில் ஒரே பெண்ணாக இருந்தால் "மிஸ், நீங்கள் நோட்ஸ் எடுங்கள்" என்பார்கள். எடுக்காதீர்கள். ஒருமுறை எடுத்துவிட்டால் பிறகு எப்போதும் உங்கள் தலையில்தான்.

இரண்டாவது, முன்னால் போனவர்களைப் படியுங்கள். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் (ரீபா) இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். 1958இல் கண்டி வட்டப்புலுவ வீடமைப்பைத் திட்டமிட்டபோது, குடிவரப் போகிறவர்களுக்குக் கேள்விக்கொத்து கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் வீடுகளை வரைந்தார். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் மாடிகளுக்கு அந்தக் கேள்விக்கொத்து கொடுக்கப்படுவதில்லை.

கராச்சியின் யாஸ்மின் லாரியையும் பாருங்கள். பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர். பெரிய நிறுவனங்களுக்கு உயர் கட்டடங்கள் கட்டிப் பெயர் எடுத்து, 2000இல் அலுவலகத்தை மூடினார். 2005 பூகம்பத்துக்குப் பிறகு மண், சுண்ணாம்பு, மூங்கில் என்று இறங்கினார். ஊர்ப் பெண்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடும் புகை குறைந்த அடுப்பும் அவருடைய வேலை. 2023இல் ரீபா அரச தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. முதல் பாதியில் சேர்த்த தொழில் அறிவுதான் இரண்டாம் பாதிக்குக் கைகொடுத்தது. தோஹா தம்பி சொல்லும் பாதைக்கும் உங்கள் ஆசைக்கும் பகை இல்லை. ஆனால் இரண்டாம் பாதியை இருபது வருடம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பதினோராம்_மாடி
நான் பொறியியலாளர் இல்லை, இப்படிப்பட்ட மாடியில் குடியிருக்கிறவன். யார் கட்டியது, எந்த மாடி என்று எழுதப் போவதில்லை. ஆனால் படித்தவர்கள் பேசும் இடத்தில் இதையும் வைக்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த வீடு ஏறக்குறைய 400 சதுர அடி. மழை வந்தால் தண்ணீர் ஏறுவதில்லை, சொந்தக் கழிப்பறை இருக்கிறது. தோட்டத்தில் வரிசையில் வாளியோடு நின்றவர்கள் நாங்கள், அந்த நிம்மதியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அம்மா முடுக்கு வாசலில் இடியப்பம் விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். விடிய நாலரைக்கு நீற்றுப்பெட்டி வைப்பார், ஆறரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுதான் வியாபாரம். பதினோராம் மாடியில் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எதிர் வீட்டார் மட்டும். கீழே மேசை போட்டு விற்கக் கேட்டோம், அனுமதி இல்லை. அம்மாவின் வருமானம் நின்றது, மாதக் கட்டணமும் பராமரிப்புக் காசும் புதிதாக வந்தன.

குப்பைக் குழாய் மூன்றாம் மாடியில் அடைத்துக்கொள்ளும். அந்த மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்தபோது பெட்டி லிஃப்டுக்குள் படுக்கையாகப் போகவில்லை. படிவழியே திருப்பித் திருப்பி இறக்கினோம்.

குடியேற்றுவதற்கு முன் வந்த படிவத்தில் எத்தனை பேர், என்ன வருமானம், மின்சாரக் கணக்கு யார் பெயரில் என்றெல்லாம் கேட்டார்கள். வீட்டுக்குள் இருந்து என்ன தொழில் செய்கிறீர்கள் என்று ஒரு கோடு இருக்கவில்லை. அந்த ஒரு கோடு இருந்திருந்தால் கீழ்த்தளத்தில் பத்துக் கடைக்கு இடம் விட்டிருக்கலாம். மாணவித் தங்கச்சி, நீங்கள் பெரிய ஆளாக வந்தால் அந்தக் கோட்டைப் போடுங்கள்.

தோஹா_கியூஎஸ்
அண்ணா, இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கீழ்த்தளக் கடைகள் என்பது செலவுகூட இல்லை, வாடகை வருமானம். கட்டடச் செலவு கணக்கிடும் எந்தக் கியூஎஸ்ஸும் அதை ஆதரித்து எழுதித் தருவான்.

புத்தளத்தான்
நீங்கள் எல்லோரும் கொழும்புக்குள்ளேயே நிற்கிறீர்கள். கொழும்பு கட்டப்படுவதன் பாரம் எங்கே இறங்குகிறது என்பதையும் பாருங்கள்.

அறுவைக்காட்டில் சுண்ணாம்புக்கல் தோண்டி, ரயிலில் புத்தளம் சீமெந்து ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். பக்கத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம். நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றோடு தோட்டங்களுக்கு வருவதாக மக்கள் வருடக்கணக்கில் முறையிடுகிறார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுக்கு நாங்களும் அழுதோம். அதன் பிறகு கொழும்புக் குப்பைக்குக் கண்டுபிடித்த இடம் எது? சுண்ணாம்புக்கல் எடுத்து விட்ட அதே அறுவைக்காட்டுக் குழிகள். 2018 கடைசியில் இங்கே ஆணும் பெண்ணுமாகத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தோம்.

கல் எங்களிடமிருந்து போகிறது, மின்சாரம் போகிறது, குப்பை வருகிறது. 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கொட்டுவதைத் திட்டம் என்கிறார்கள், நாங்கள் அநீதி என்கிறோம்.

அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சீமெந்தில் கலந்தால் அது "பசுமைச் சீமெந்து" என்று விளம்பரம் வருகிறது. கலப்பது நல்லது, சீமெந்துக்காகச் சூளையில் சுடும் கிளிங்கர் கட்டி குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையில் பசுமை என்று எழுதும்போது சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் இருமலையும் கணக்கில் எடுங்கள். உங்கள் சான்றிதழில் அதற்குப் புள்ளி இருக்கிறதா?

ஹெல்மட்_போட்டவள்
வேலைத்தளம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். தங்கச்சி, சேர்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, பூட்டோடு இருக்கிறதா? சிலாப் கொங்கிரீட் இரவு வரை நீளும் நாளில் வீடு போக வாகனம் யார் பொறுப்பு? முறைப்பாடு செய்தால் யாரிடம் போகும்? இவற்றைக் கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள். கேட்டதற்காக மறுக்கும் இடம் எப்படியும் சரிவராது.

அப்புறம் சிங்களம். மேசன் பாஸ்மாரோடு சிங்களத்தில் சரளமாகப் பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தை மட்டும் நம்பி வருகிறார்கள், தளத்தில் அது போதாது.

கொந்தராத்துக்காரர்
மண் வீடு, மூங்கில் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். நான் மட்டக்குளி, வத்தளைப் பக்கம் சின்ன வீடுகள் கட்டுகிறவன். வாடிக்கையாளர் மண் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். கையில் இருக்கும் காசுக்கு அவருக்கு வேண்டியது புளொக் கல்லும் அஸ்பெஸ்டஸ் சீட்டும். ஓடு போட்டால் மரச் சட்டம் கூடும், செலவு ஏறும். தகரம் போட்டால் பகலில் உள்ளே இருக்க முடியாது, மழைக்குப் பேச்சுக் கேட்காது. அஸ்பெஸ்டஸ் மலிவு, சூடும் தகரத்தைவிடக் குறைவு. கடையில் விற்கிறார்கள், அரசாங்கம் தடுக்கவில்லை. நாங்கள் என்ன செய்வது?

சைட்_அக்கா
அண்ணா, தடுக்கப் போனார்கள், நடந்ததைச் சொல்கிறேன். அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018இலிருந்து கட்டுப்படுத்துவது என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. அதற்குச் சற்று முன், 2017 டிசம்பரில், தேயிலைக் கொள்கலனில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். சில நாட்களிலேயே இங்கே தடை கைவிடப்பட்டது, அங்கே தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத்தில் கொழுந்து எடுக்கிற பெண்ணின் பிழைப்பையும் கொழும்பு முடுக்கில் சீட்டுக்குக் கீழே படுக்கிறவரின் நெஞ்சையும் எதிரெதிராக நிறுத்திவிட்டார்கள். சுற்றாடல் நீதி என்றால் என்ன என்று மாணவிகள் என்னிடம் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கூரைச் சீட்டில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம் எடுக்கும், அதனால் இன்று சீட் வெட்டுகிற பையனுக்குப் பயம் வருவதில்லை. அடுத்த கூரையில் இதையாவது செய்யுங்கள்: கிரைண்டரால் வெட்ட வேண்டாம். கை வாள் போதும், வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சீட்டைக் கழற்றும்போது கீழே எறிந்து உடைக்காமல், நனைத்து, போல்ட்டை வெட்டி, முழுசாக இறக்கி, பொலித்தீனில் சுற்றுங்கள். தூசைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி தோய்க்க விடாதீர்கள். துணிக் கைக்குட்டை முகமூடி ஆகாது.

மண்கல் பற்றி. நான் சொல்வது மழைக்குக் கரையும் பச்சைமண் அல்ல. மண்ணோடு நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு சீமெந்து கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீர் ஊற்றிப் பதப்படுத்தும் கல். இதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரநிர்ணயமே இருக்கிறது. மொறட்டுவையில் பேராசிரியர் சிந்தா ஜயசிங்க இந்தக் கல்லையும், மண்ணை அச்சுக்குள் இடித்து எழுப்பும் இடிமண் சுவரையும் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்திருக்கிறார். தங்கச்சி, அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். உலகத்தில் வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சீமெந்துத் தொழிலால். அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போதே வருகிறது. அதனால் சூளைக்குச் சூரிய சக்தி கொடுத்தாலும் பிரச்சினை முழுதாகத் தீராது, சீமெந்தைக் குறைவாகப் பயன்படுத்துவதுதான் வழி.

மண் சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் தேடி ஓட வேண்டியதில்லை. ஜாம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. அடுத்த நாள் மூன்று கோடும் தெளிவாகத் தெரியும். களி அதிகம் என்றால் கல் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். களியே இல்லை என்றால் கல் இயந்திரத்திலிருந்து எடுக்கும்போதே உதிரும். இது ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு. பன்னிரண்டு மாடிக்குக் கொங்கிரீட் சட்டகம் வேண்டும், அதை மறைக்க மாட்டேன்.

களனிக்கரை
மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. களனி கங்கையில் அளவுக்கு மீறி மணல் எடுத்ததில் ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் உள்ளே ஏறி, அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம்வரை வந்ததுண்டு. உப்பைத் தடுக்க மணல் மூட்டை அடுக்கிய காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது.

மட்டுறுத்துனர்
இழை நன்றாகப் போகிறது. தனியார் நிறுவனங்களின் பெயர் சொல்லி அனுபவக் குறை எழுத வேண்டாம் என்ற விதியை எல்லோரும் கவனித்ததற்கு நன்றி.

நூலக_வாசகி
மாணவி தேடும் பெண்களில் ஒருவர் பொறியியலாளரே இல்லை. சிக்காகோவின் ஹேசல் ஜான்சன். அவர் குடியிருந்த அல்ட்கெல்ட் கார்டன்ஸ், 1945இல் கறுப்பினத் தொழிலாளர்களுக்காகவும் போரிலிருந்து திரும்பியவர்களுக்காகவும் கட்டிய அரச வீடமைப்பு. சுற்றிலும் குப்பைமேடுகள், ஆலைகள், கழிவுநீர் நிலையம். 1969இல் கணவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அதன்பின் அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன நோய் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார், 1979இல் ஒரு குடியிருப்பாளர் அமைப்பைத் தொடங்கினார். அந்தக் கட்டடங்களிலிருந்த அஸ்பெஸ்டஸை அகற்ற வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1994இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் சுற்றாடல் நீதி பற்றிய ஆணையில் கையெழுத்திட்டபோது அவரும் அங்கே இருந்தார். சுற்றாடல் நீதியின் தாய் என்று அவரைச் சொல்வார்கள்.

பதினோராம் மாடி அண்ணா கேட்ட அந்த ஒரு கோட்டை அவர் தாமே எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுக்கடை_சட்டத்தரணி
சட்டத்தில் என்ன வழி என்று சுருக்கமாக எழுதுகிறேன், பலருக்குத் தெரியாது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். 1993 வர்த்தமானிப் பட்டியலில் 1,000க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டமும், 4 ஹெக்டயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும் அடங்கும். அறிக்கை வந்ததும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் போட்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நீங்கள் அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும் என்றில்லை. தமிழில் எழுதலாம், எழுதுங்கள்.

ஓட்டை எங்கே என்றால், திட்டம் 1,000 வீடுகளுக்குக் கீழே இருந்து, ஈரநிலம் போன்ற பகுதிக்கு வெளியே அமைந்தால் இந்த மதிப்பீடு கட்டாயமில்லை. பதினோராம் மாடியில் இருப்பவரைப் போன்றவர்கள் அந்த இடைவெளியில் விழுகிறார்கள்.

நீதிமன்றத்தாலும் பயன் உண்டு. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி மின்நிலைய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் எங்களுக்கு எப்போதும் குறைவது தொழில்நுட்ப ஆதாரம். தண்ணீரை அளந்து, வரைபடம் போட்டு, சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கத் துணிந்த பொறியியலாளர்கள் வேண்டும். பெண்கள் முன்வந்தால் இன்னும் நல்லது, வீட்டுக்குள் நடப்பதை வீட்டுப் பெண்கள் அவர்களிடம்தான் மனம்விட்டுச் சொல்கிறார்கள்.

கொந்தராத்துக்காரர்
அக்கா, கை வாளும் தண்ணீரும் என்று நீங்கள் எழுதியதைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கு ஒரு கூரை இருக்கிறது, அப்படியே செய்கிறோம். பழைய சீட்டைச் சுற்றிய பிறகு எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மாநகர சபை லொறி எடுக்க மாட்டேன் என்கிறது.

சைட்_அக்கா
உங்கள் தளத்திலேயே மழை படாத மூலையில் தட்டையாக அடுக்கி, மூடி, "உடைக்காதே" என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத்தில் கேளுங்கள், பிரதி மாநகர சபைக்கு. வாய்ப்பேச்சு வேண்டாம். இப்படி நூறு கடிதம் போனால்தான் ஒரு சேகரிப்பு இடம் தேவை என்பது பதிவாகும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், தனிமடலில் வாருங்கள்.

இறுதியாண்டு_மாணவி
எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசி வருட ஆய்வுத் தலைப்பை மாற்ற மேற்பார்வையாளரிடம் பேசினேன், சம்மதித்தார். அம்மாவின் ஆட்கள் இருக்கும் மாடியில் மேற்கு பக்க வீடுகளிலும் கிழக்கு பக்க வீடுகளிலும் அறை வெப்பத்தை அளக்கப் போகிறேன். வெயில் மறைப்பு இருந்தால் எவ்வளவு குறையும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று பிஓகியூவும் போடுவேன். வீட்டுக்குள் இருந்து என்ன தொழில் செய்கிறீர்கள் என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கும். அளப்பதைப் பற்றி ஏதாவது சொல்வீர்களா, அக்கா?

சைட்_அக்கா
பதிவுக் கருவியை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கட்டில் உயரத்தில், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படாத உள்சுவரில் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் அளந்தால்தான் கடும் வெப்பம் பிடிபடும். பகலை விட்டுவிட்டாலும் இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரை உள்ள அளவை விடாதீர்கள், மேற்குச் சுவர் பகலில் குடித்த சூட்டை அந்த நேரத்தில்தான் விடும். ஈரப்பதனையும் சேர்த்து அளக்க வேண்டும், கொழும்பில் வெப்பநிலை மட்டும் பார்த்தால் புழுக்கம் தெரியாது. கருவி வாங்கக் காசில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் அலுவலகத்தில் ஆறு சும்மா கிடக்கின்றன. முடிவு வந்ததும் முதலில் அந்த மாடிப் பெண்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், பல்கலைக்கழகத்துக்கு அதற்குப் பிறகு.

பதினோராம்_மாடி
எங்கள் வீடு மேற்கு பக்கம். ஒரு கருவியை இங்கேயும் வைக்கலாம், அம்மா பார்த்துக்கொள்வார்.